பொறியில் நாற்பத்தொன்று

லாமாரா போனில் முதலில் கேட்பது
உடம்பைப் பற்றி அல்ல.
"உன் பொறியில் எத்தனை?"
நாற்பத்தொன்று என்கிறேன்.
அக்காவிடம் பொறி இல்லை.
மரத்தடியில் பழைய வேட்டி மாதிரி ஒரு துணியை விரித்து
கிளையை மூன்று முறை உலுக்கி
விழுந்ததை எண்ணுகிறாள்.
"நூற்றுப் பன்னிரண்டோடு விட்டுவிட்டேன் சித்சினோ,
அடுப்பில் பால் பொங்கிவிட்டது."

எங்களுக்கு நடுவில் எங்குரி ஆறு.
ஆற்றின் மேல் ஒரு பாலம்,
பாலத்தின் இரு முனையிலும்
மீசை முளைக்காத பையன்கள், துப்பாக்கியோடு.
என் மாடியில் நின்றால்
அவள் ஹேசல் தோப்பு தெரியும்.
ஜூலையிலேயே அதன் இலைகளில் வெள்ளைப் பூச்சு.
கந்தகம் வாங்க அங்கே கடையில்லை.
அது சாம்பல் நோய், அதோடு வாழலாம்.
இலை போனால் அடுத்த வருடம் இலை வரும்.

பழுப்பு நாவாய்ப்பூச்சி வேறு ரகம்.
ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் என்றார்
ஜுக்தீதியிலிருந்து வந்த அலுவலர்.
பாலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.
கணக்கு எனக்கும் தெரியும்.

நசுக்கினால் கொத்தமல்லி வாசம்,
அழுகிய கொத்தமல்லி.
மூன்று கோடையாக எங்கள் வீட்டு அஜிகாவில்
அந்தத் தழை சேர்ப்பதில்லை.
"என்னவோ குறைகிறதே" என்றான் மருமகன்.
நான் எழுந்துபோய்
சன்னல் திரையை விலக்கிக் காட்டினேன்.
மடிப்புக்கு மடிப்பு, குளிருக்கு ஒதுங்கி,
கூலி கேட்க வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தன.

இலையின் அடியில் முட்டை.
எப்போதும் இருபத்தெட்டு.
டாமினோ கட்டையும் இருபத்தெட்டு என்கிறான் என் கணவன்.
அவன் ஆட்டத்துக்குப் போவான்,
நான் நகத்தால் சுரண்டப் போவேன்.

மருந்து வண்டி இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும்,
தேனீ அடங்கிய பிறகு.
பக்கத்து இவ்லித்தா தன் பெட்டிகளின் வாயை
ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு
வேலியோரம் வந்து நிற்கிறாள்.
"காற்று எந்தப் பக்கம்?"
மூன்றாம் முறை கேட்கிறாள்.
ஆற்றுப் பக்கம் என்கிறேன்.
அவளுக்கு நிம்மதி.
புகை மாதிரி எழும் அந்த மருந்தில்
ஒரு கை அளவாவது
அக்கரை போய்ச் சேரட்டும் என்று
நான் வேண்டிக்கொண்டதை
அவளிடம் சொல்லவில்லை.

போன வருடம் வியாபாரி
என் மூட்டையிலிருந்து நூறு கொட்டை எடுத்தான்.
ஓடு பளபளவென்று, ஒரு கீறல் இல்லை.
உடைத்தான்.
முப்பத்தாறில் பருப்பு சுருங்கிப் பஞ்சாகியிருந்தது.
ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து
"நீயே தின்று பார்" என்றான்.
தின்றேன்.
விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆடு கட்டும் மரத்தில்தான் பார்த்தேன்,
போன செவ்வாய்க்கிழமை.
இருபத்தெட்டும் கறுத்திருந்தன.
அழுகல் என்று சுரண்டப்போய்
நகம் அப்படியே நின்றது.
அலுவலர் ஒரு குளவியை விட்டிருந்தார் வசந்தத்தில்.
கடுகில் பாதி. கொட்டாது.
பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும்.
அன்று நான் சிரித்திருந்தேன்.

காம்போடு கிள்ளி
தீப்பெட்டியில் வைத்து
நூலால் கட்டி
ஜெமாலிடம் கொடுத்தேன்.
மாதம் ஒருமுறை இன்சுலின் வாங்க
இந்தப் பக்கம் வர அவனுக்குச் சீட்டு உண்டு.
பாலத்தில் பையன் பெட்டியைத் திறந்தானாம்.
"என்ன இது?"
"இலை."
"எதற்கு?"
ஜெமாலுக்கும் தெரியாது.
பையன் முகர்ந்து பார்த்து மூடிக் கொடுத்தானாம்.

இன்று மழை விட்டபின் போன் வந்தது.
கிளையில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறாளாம்,
கோழி எட்டாத உயரத்தில்.
மறுநாளே முட்டைகளில் ஓட்டை, ஊசிமுனை அளவு.
எதுவும் பறந்து போனதை அவள் பார்க்கவில்லை.

"சரி, உன் பொறியில் எத்தனை?"
"முப்பத்தெட்டு."
"மூன்று குறைவு."
"மழையாகவும் இருக்கலாம் அக்கா."
"இருக்கலாம்" என்றாள்.
போனை வைக்கவில்லை.
துணியை உதறும் சத்தம் கேட்டது.
பிறகு அவள் மெதுவாக
ஒன்றிலிருந்து தொடங்கினாள்.